ஏழாவது கம்பெனியின் குஞ்சம்

அவர் தகர டப்பாவைத் திறந்து அழுக்கேறிய ஒரு குஞ்சத்தை எடுத்து மேசைமேல் போட்டார். அது ஒரு முறை உருண்டு, எதிரே உட்கார்ந்திருந்தவளின் மணிக்கட்டில் முட்டி நின்றது.

"விழாப் பலகையில இதைப் பத்தாவது கம்பெனி இடத்துல வெக்கணும். மத்த பதினொண்ணும் புதுசு. இது மட்டும் இதேதான். புரியுதா?"

அவள் அதைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் தானாகவே தண்டைத் தேடிப் போயிற்று. தண்டு சிவப்பு. அதன் மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். இரண்டும் மஞ்சள். மேல் வளையத்தில் மிளகு அளவுக்கு நெருப்பு பட்ட தழும்பு.

"இது எங்க கெடச்சுதுங்க, மேஜர் ஐயா?"

"பிரான்ஸ்ல. எழுபதாம் வருஷம் ஆகஸ்டுல. ஒரு பண்ணைவீட்டு மதிலுக்கு அடியில." அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "பத்தாவது கம்பெனிக்காரன் ஒருத்தன் ஓடுன ஓட்டத்துல அறுந்து விழுந்தது. நானே குனிஞ்சு எடுத்தேன். சிவப்பும் மஞ்சளும், பாரு. இருபத்தஞ்சு வருஷமாப் பத்திரமா வெச்சிருக்கேன்."

பின்னால் கைகட்டி நின்றிருந்த பட்டறை முதலாளி கிளாப்பர் குனிந்து சொன்னார். "மாட்ஸ்கே அம்மாகிட்ட விட்டுட்டீங்கன்னா கவலையே வேண்டாம், மேஜர் ஐயா. இருபத்திரண்டு வருஷமா இங்கதான் இருக்காங்க. கண்ணைக் கட்டி விட்டாலும் பின்னுவாங்க."

மாட்ஸ்கே என்ற பெயரை முதலாளி தெளிவாகத்தான் உச்சரித்தார். மேஜர் ஃபான் லிண்டெக்கின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்தப் பெயரை ஒரு காலத்தில் தன் கையாலேயே அறிக்கையில் எழுதியவர் அவர். இப்போது அது அவருக்கு வாசலில் போகிற வண்டிச் சத்தம்.

ஒட்டீலி மாட்ஸ்கே குஞ்சத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. இப்படி ஒரு நாள் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. நினைத்ததெல்லாம் வேறு: அந்த ஆள் குதிரையிலிருந்து விழுவான், மீன் முள் தொண்டையில் சிக்கிச் சாவான், அவன் வீடு எரியும். அவன் தானே நடந்து வந்து தன் கழுத்தை அவள் மடியில் வைப்பான் என்று நினைக்கவில்லை.

"கீழ ஒரு சீட்டும் குத்தணும்," என்றார் மேஜர். "'1870 ஆகஸ்ட். மதிலைவிட்டு ஓடிய பத்தாவது கம்பெனி விட்டுப்போனது.' அப்படி எழுதித் தரேன்."

"நம்பர் எதுக்குங்க, மேஜர் ஐயா?" என்றாள் அவள். "இடமே சொல்லிடுமே. பார்க்கறவங்க எல்லாம் பழைய சிப்பாய்ங்க. நம்பர் போட்டா அவங்களுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக் குடுக்கிற மாதிரி இருக்கும்."

மேஜர் அவளை முதல் தடவையாகப் பார்த்தார். "புத்திசாலிதான்," என்றார் முதலாளியிடம்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். '1870 ஆகஸ்ட். ஓடியவர்கள் மதிலடியில் விட்டுப்போனது.' கீழே கையெழுத்தும் போட்டார். கையெழுத்து அழகாக இருந்தது.

*

ஊரில் மற்றவர்களுக்கு டிவிஷன் என்றால் தளபதி, பாண்டு வாத்தியம், ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பு. மேஜர் ஃபான் லிண்டெக்குக்கு அது அவர் எழுதிக்கொண்டிருந்த எழுநூறு பக்கப் புத்தகம். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினெட்டில் பிறந்தது, அறுபதாம் வருஷத்தில் ரெஜிமெண்டுகள் பெருகியது, அறுபத்தாறில் பொஹீமியாவுக்குப் போனது, எழுபதில் பிரான்ஸுக்குப் போனது என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த செடான் வெற்றியின் இருபத்தைந்தாம் வருஷ விழாவுக்கு அது அச்சாகி வர வேண்டும்.

ஒட்டீலிக்கு டிவிஷன் என்பது நூல். இரண்டு பிரிகேடு. பிரிகேடுக்கு இரண்டு ரெஜிமெண்ட். ரெஜிமெண்டுக்கு மூன்று பட்டாலியன். பட்டாலியனுக்கு நாலு கம்பெனி. சிப்பாய் எந்த ரெஜிமெண்ட் என்று தோள்பட்டையில் எண் இருக்கும். எந்தக் கம்பெனி என்று இடுப்புக் கத்தியில் தொங்கும் குஞ்சம்தான் சொல்லும். தண்டு பட்டாலியனுக்கு: முதலாவது வெள்ளை, இரண்டாவது சிவப்பு, மூன்றாவது மஞ்சள். வளையங்கள் கம்பெனிக்கு: ஒவ்வொரு பட்டாலியனிலும் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வரிசை. இரண்டு வருஷத்துக்கு முன் ரெஜிமெண்டுக்கு அரைப் பட்டாலியன் ஒன்றை ஒட்டவைத்தபோது அதற்கு வெளிர்நீலத் தண்டு வந்தது. "அரை ஆளுக்கு முழுக் குஞ்சமா, பாதிக் குஞ்சமா?" என்று பட்டறைப் பெண்கள் சிரித்தார்கள்.

இந்த வரிசையில் ஒரே ஒரு ஜோடியிடம் புதிதாக வந்த பெண்கள் எல்லாரும் ஒரு தடவையாவது ஏமாறுவார்கள். ஏழும் பத்தும். ஏழுக்குச் சிவப்புத் தண்டு, மஞ்சள் வளையம். பத்துக்கு மஞ்சள் தண்டு, சிவப்பு வளையம். நிறம் அதேதான், உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கும். சிப்பாய்கள் ஏமாற மாட்டார்கள். இருட்டில், குடிபோதையில், சத்திரத்து ஆணியில் நூறு கத்தி தொங்கினாலும் ஒவ்வொருவனும் தன்னுடையதைச் சரியாக எடுப்பான். ஆபீசர்கள்தான் ஏமாறுவார்கள். அவர்கள் குஞ்சம் வெள்ளிச் சரிகை. எல்லாருக்கும் ஒன்றே. அவர்களுக்கு நிறம் கிடையாது.

அவள் கணவன் ஆல்வின் மாட்ஸ்கே பத்தாவது கம்பெனி. தச்சன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் போருக்குக் கூப்பிட்டார்கள். ஆகஸ்டில், மதில் சூழ்ந்த அந்தப் பண்ணைவீட்டை ஏழும் பத்தும் சேர்ந்து பிடித்துவைத்திருந்தன. நடுப்பகலில் ஒரு பக்கத்து மதில் காலியாயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பக்கமாக உள்ளே வந்தார்கள். அறுபது பேர் செத்தார்கள். மதிலைவிட்டு ஓடியது யார் என்று கேள்வி வந்தபோது, ஏழாவதின் கேப்டனாக இருந்த ஃபான் லிண்டெக் அறிக்கை கொடுத்தார்: மதிலடியில் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு குஞ்சம் கிடைத்தது, பத்தாவது கம்பெனியுடையது. பண்ணைக்குப் பின்னால் ஊற்றருகே பத்தாவதின் மாட்ஸ்கே நின்றிருந்தான். அவன் கத்தியில் குஞ்சம் இல்லை.

கம்பெனி தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது, தண்ணீர் மொள்ளப் போனேன், அங்கே அடிபட்டுக் கிடந்த ஒருவனின் கையில் ரத்தம் நிற்கக் குஞ்சத்தை அவிழ்த்துக் கட்டினேன் என்றான் ஆல்வின். அடிபட்டவன் யார் என்று கேட்டார்கள். தெரியாது, முகமெல்லாம் புழுதி என்றான். குஞ்சத்தை யாரும் மேசைமேல் வைத்துப் பார்க்கவில்லை. காகிதத்தில் நிறம் எழுதியிருந்தது, போதும். கேப்டனுக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தார்கள். ஆல்வினுக்குத் தொப்பியிலிருந்த படைச் சின்ன வில்லையைப் பிய்த்துவிட்டுப் பத்து வருஷம் கோட்டைச் சிறை. இரண்டாம் குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிச் செத்தான். அவளுக்கு ஒரு பொட்டலம் வந்தது. அதில் தொப்பி. வில்லை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை.

விதவைப் பென்ஷன் இல்லை. அதைவிட, ஊர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தது. அவள் துணி துவைக்கப் போனால் பெண்கள் பலகைமேல் இரண்டு விரலைக் கால்களாக வைத்து ஓட்டிக் காட்டுவார்கள். டக்டக்டக். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ரொட்டிக் கடையில், தேவாலயப் பெஞ்சில், எங்கேயும் அந்த விரல்கள் ஓடின.

எழுபத்துமூன்றில் அவள் கிளாப்பர் பட்டறையில் சேர்ந்தாள். முதல் மாதமே ஏழாவது கம்பெனிக்கு அறுபது குஞ்சம் பின்னக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்குப் போய்த் தன் கறுப்புத் துக்க உடையின் விளிம்பிலிருந்து நூலை உருவினாள். குஞ்சத்தின் வயிற்றில் கம்பளிப் பஞ்சு அடைப்பார்கள். ஒவ்வொன்றிலும் பஞ்சுக்கு நடுவே ஒரு கறுப்பு இழை வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியம் சொன்னாள்: "உன் வீட்லயும் விளங்காது." அதிலிருந்து இருபத்திரண்டு வருஷம் ஆல்வின் இருந்த ரெஜிமெண்டின் ஏழாவது கம்பெனி முழுதும் அவள் தாலியறுத்த துணியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தது. அவர்கள் எல்லாரும் புதிய பையன்கள், அந்த மதிலைக் கண்ணால் கண்டேயிராதவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தாள்.

உடையின் பாவாடை முழுக்கத் தீர்ந்துவிட்டது. இப்போது மேல்பாகத்தில் பாதி இருந்தது.

*

பலகை மூன்று வரிசை. வரிசைக்கு நாலு. பச்சைத் துணி ஒட்டிய பலகையில் பித்தளை ஆணிகள். ஒட்டீலி பதினொன்றைப் பின்னி மாட்டினாள். பழையதை இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆணியில் மாட்டினாள்.

கிளாப்பர் வந்து கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மாட்ஸ்கே அம்மா, இது ஏழுதானே?"

"ஏழுதாங்க முதலாளி."

"மேஜர் பத்துன்னாரே?"

"வாய் தவறியிருக்கும். ஆபீசருங்களுக்கு எங்க தெரியுது? நாலு ரெஜிமெண்ட் ஆளுங்களும் வந்து நிப்பாங்க முதலாளி. பத்துல ஏழைத் தொங்கவிட்டா 'கிளாப்பர் பட்டறைக்கு எண்ணத் தெரியல'ன்னு பேர் வரும். அவருக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவார்."

கிளாப்பர் யோசித்தார். அவருடைய அப்பாவும் குஞ்சம் பின்னியவர். தவறான ஆணியில் ஒரு குஞ்சம் தொங்குவதை அவரால் தாங்க முடியாது. "ஏழுலயே இருக்கட்டும்," என்றார். "அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சொல்லிக்கொள்ள அவருக்குத் தைரியம் வராது என்று ஒட்டீலிக்குத் தெரியும்.

செடான் தினம் திங்கட்கிழமை வந்தது. துப்பாக்கிக் கழக மண்டபத்தில் கம்பெனிவாரியாக மேசை போட்டிருந்தார்கள். பீர், சாசேஜ், உருளைக்கிழங்கு, பெண்கள் பக்கத்தில் காப்பியும் பொடி தூவிய கேக்கும். பலகைமேல் சின்னக் கொடித்துணி போர்த்தியிருந்தது. காலையில் ஒட்டீலிதான் வந்து அதை மாட்டினாள், சீட்டைக் குத்தினாள், துணியைப் போர்த்தினாள். பிறகு போய்விடாமல் காப்பி மேசையருகே சுவரோரம் நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை.

மேஜர் எழுந்து புத்தகத்தின் சில பக்கங்களை வாசித்தார். எட்டு அத்தியாயத்தின் தலைப்பைக் கேட்பதற்குள் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். பண்ணைவீட்டுப் பக்கம் வந்ததும் குரலை உயர்த்தினார். "ஏழாவது கம்பெனி மதிலைப்போல நின்றது. மற்றொரு கம்பெனியைப் பற்றி வரலாறு பேசாமல் இருப்பதே கருணை." பத்தாவது கம்பெனியின் மேசையில் யாரும் தலை நிமிரவில்லை. ஏழாவதின் மேசையிலும் யாரும் நிமிரவில்லை. அதை ஒட்டீலி கவனித்தாள்.

டிவிஷன் தளபதி கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கிழவர்கள் கிளாஸோடு எழுந்து பலகையைச் சூழ்ந்தார்கள். ஒருவன் சீட்டை உதடசைத்துப் படித்தான்.

"டேய்," என்றது ஒரு தடித்த குரல். பத்தாவதில் இருந்தவன், இப்போது பன்றிக்கறிக் கடை வைத்திருப்பவன். "டேய், எல்லாரும் இங்க வாங்கடா! மேஜர் ஐயா கைப்பட எழுதியிருக்கார். ஏழு ஓடுச்சாம்!"

மேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பலகையைப் பார்த்தார். சீட்டு ஏழின் கீழ் இருந்தது. முகம் சிவந்தது.

"யாரோ இடம் மாத்தி வெச்சிருக்காங்க. இது பத்தாவது."

"பத்துன்னா தண்டு மஞ்சளா இருக்கணுங்களே, மேஜர் ஐயா," என்றான் கறிக்கடைக்காரன். "மூணு வருஷம் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிஞ்சோம்."

"பழைய சரக்கு. நிறம் மாறியிருக்கு."

"சிவப்பு மஞ்சளாவும், மஞ்சள் சிவப்பாவுமா? எம் பொண்டாட்டி துவைச்சாக்கூட அவ்வளவு மோசமா ஆகாதுங்க."

மண்டபம் சிரித்தது. தளபதி சிரிக்கவில்லை. மேஜர் சுற்றிலும் பார்த்தார். ஏழாவதின் மேசையை விட்டு எழாமல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இடக்கை மடங்கிப் போனவன்.

"ஹென்ஷெல்! எழுந்து வா. நீ என் கம்பெனி. சொல்லு இவங்களுக்கு."

ஹென்ஷெலை ஒட்டீலிக்குத் தெரியும். அவள் தெருவின் தபால்காரன். பதினெட்டு வருஷமாக வாசலில் வந்து, முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை நீட்டிவிட்டுப் போகிறவன். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தாள்.

அவன் மெதுவாக வந்து பலகைமுன் நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மேல் வளையத்துல நெருப்புத் தழும்பு இருக்குங்களா?" என்றான். "பைப் விழுந்து சுட்டுது. அதுக்கு மூணு நாள் கூடுதல் காவல் குடுத்தீங்க, கேப்டன் ஐயா."

தளபதி குஞ்சத்தைக் கையிலெடுத்துத் திருப்பினார். தழும்பைப் பார்த்தார். திரும்ப மாட்டினார்.

"என்னோடதுங்க," என்றான் ஹென்ஷெல். "ஏழுதான். ஓடினது நாங்கதான். எழுபது எண்பது பேர். நீங்க அதுக்கு அரைமணி முன்னாடியே காலு சுளுக்கிக்கிச்சுன்னு பின்னால போயிட்டீங்க."

"குடிச்சிருக்கான்," என்றார் மேஜர். யாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லவில்லை. தான் சொன்ன பொய்யை எத்தனையோ தடவை சொல்லி, கடைசியில் அதைக் கண்ணால் கண்டதாகவே நம்பிவிட்ட மனிதனின் திகைப்பு முகத்தில் இருந்தது. ஒட்டீலிக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்தே பொய் சொன்னவன் முழித்து நிற்பதைப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"கையில குண்டு பட்டுச்சு," ஹென்ஷெல் பலகையிடமே பேசிக்கொண்டிருந்தான். "ஊத்துப் பக்கம் விழுந்துட்டேன். பத்தாவதுக்காரன் ஒருத்தன் தண்ணி மொண்டுக்கிட்டிருந்தான். அவன் குஞ்சத்தை அவுத்துதான் என் கையைக் கட்டினான். ஆஸ்பத்திரியில வெட்டிப் போட்டாங்க."

ஒட்டீலி சுவரைவிட்டு நடந்து வந்தாள். வழி விட்டார்கள்.

"பேர் சொல்லு."

அவன் திரும்பினான்.

"அவன் பேரைச் சொல்லு."

"ஆல்வின் மாட்ஸ்கே."

"சத்தமா."

"ஆல்வின் மாட்ஸ்கே!"

பத்தாவதின் மேசையில் யாரோ ஒருவன் இரண்டு விரலைக் கால்களாக வைத்து மேசைமேல் ஓட்டினான். டக்டக்டக். இன்னொருவன் சேர்ந்தான். பிறகு அந்த மேசை முழுக்க. பக்கத்து மேசைகளும். ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம் மண்டபம் முழுதும் நிறைந்தது. மேஜர் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுக்கு நடந்தார். கூட நடந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். அவர் நடையை வேகப்படுத்தியதும் அவர்கள் விரல்களையும் வேகப்படுத்தினார்கள்.

ஒட்டீலி அவர் முதுகு மறைகிறவரை பார்த்தாள். தித்தித்தது. அந்தத் தித்திப்பு முப்பது எண்ணுகிற நேரம் இருந்திருக்கும்.

வாசலில் ஹென்ஷெல் காத்திருந்தான். தொப்பி கையில்.

"மாட்ஸ்கே அம்மா... நான் அப்பவே சொல்லியிருந்தா என்னையும் கோட்டையில போட்டிருப்பாங்க. அப்புறம் கல்யாணம், புள்ளைகுட்டி, தபால் வேலை..."

"அவர் கோட்டையில ஒண்ணரை வருஷம் உசுரோட இருந்தார்," என்றாள் அவள்.

"தெரியும்மா."

"எனக்குத் தபால் கொண்டாந்து குடுத்தே. பதினெட்டு வருஷம். தினம் வாசல்ல வந்து நின்னே."

அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனாள்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மழை தூறியது. ஒட்டீலி ஏழு மணிக்குப் பட்டறைக்கு வந்தாள். பலகையை டிவிஷன் அலுவலகத்திலிருந்து ஒரு சிப்பாய் திருப்பிக் கொண்டுவந்து போட்டான். பழைய குஞ்சம் அதில் இல்லை. மேஜர் ஃபான் லிண்டெக் காலை ரயிலில் வெந்நீர் ஊற்று இருக்கும் ஏதோ ஓர் ஊருக்குப் போய்விட்டதாகவும், பண்ணைவீட்டுப் பக்கங்களை அச்சகத்தில் நிறுத்திவைத்திருப்பதாகவும் அவன் சொன்னான். கிளாப்பர் பயந்துபோய் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தார். பிறகு, ஆணி சரியாகத்தானே இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மதிய இடைவேளையில் அவள் பாதிரியாரைப் போய்ப் பார்த்தாள். தேவாலயத்திலிருக்கும் நினைவுக் கல்லில் பெயர் சேர்க்க வேண்டுமானால் பெர்லினுக்கு மனு போட வேண்டும், சாட்சி மூன்று பேராவது வேண்டும் என்றார் அவர். அவளிடம் ஒருவன்தான் இருந்தான். திரும்பும் வழியில் ரொட்டிக் கடைக்காரி எழுந்து நின்று ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். இதுவரை அப்படிக் கொடுத்ததில்லை.

இரண்டு மணிக்கு ஹென்ஷெல் தபாலோடு பட்டறைக்கு வந்தான். அவளுக்கு ஒன்றும் இல்லை. இருந்தும் சற்று நின்றான். அவள் நிமிரவில்லை. போய்விட்டான்.

மூன்று மணிக்குக் கிளாப்பர் புதிய வேலையைக் கொடுத்தார். ஏழாவது கம்பெனிக்குப் பன்னிரண்டு குஞ்சம், வெள்ளிக்கிழமைக்குள். அவள் சிவப்பு நூலையும் மஞ்சள் நூலையும் எடுத்து வைத்தாள். பைக்குள் கைவிட்டுக் கறுப்பு இழையைத் தேடினாள். நாலுதான் இருந்தது. நாலையும் வைத்துப் பின்னினாள். மீதி எட்டை நாளைக்கு என்று ஒதுக்கினாள். வீட்டில் அந்த உடையின் ஒரு கை இன்னும் பிரிக்காமல் இருந்தது.